செம்பட்டைத் தலையன்

“அந்தச் செம்பட்டைத் தலையன் இடைவேளைக்கு மேல களத்துல இருக்கக் கூடாது, ஆரின்” என்றார் கோச் ஸ்ட்ரவுட்.

கேப்டன் ஆரினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒஹாயோவில் அந்த 1905 சீசன் முழுக்க பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பாலில் வெல்டன் கல்லூரி அணி தோற்றதே இல்லை. யாரையும் வேண்டுமென்றே அடித்ததுமில்லை.

“அவன் ஆடினாலும் கார்விக் காலேஜை நாம ஜெயிச்சுடுவோம் சார்.”

“சொன்னதைச் செய். பந்தோட ஓடி வருவான். கணுக்காலைப் பிடிச்சு முறுக்கு. தலை, கழுத்துப் பக்கம் போகாதே. முடியாதுன்னா சொல்லு, வேற கேப்டன் பார்த்துக்கறேன்.”

ஆட்டம் தொடங்கியது. செம்பட்டைத் தலையன் பந்தை நெஞ்சோடு அணைத்தபடி சேற்றில் பாய்ந்து வந்தான். முதலில் ஆரினுக்கு மனம் வரவில்லை; விட்டுவிட்டான். எல்லைக்கோட்டிலிருந்து கோச் முறைத்தார். அடுத்த முறை கணுக்காலைப் பற்றிச் சாய்த்தான். எலும்பு முறியும் சத்தம் அவனுக்கே கேட்டது.

“மிருகம்! வெளியே போடா!” என்று கார்விக் கூட்டம் கத்தியது.

கோச் களத்துக்குள் ஓடினார். எதிரணியினர் பிடித்துத் தள்ளியும் விலகாமல், துடித்தவனை வாரியெடுத்தார்.

“இந்த சீசனே போச்சே, அப்பா!” என்று அவர் தோளில் முகம் புதைத்து அழுதான் அவன்.

டாக்டர் அவனைத் தூக்கிச் சென்றதும் ஆரின் கோச்சிடம் வந்தான். “உங்க... மகனா சார்?”

“அடுத்த சனிக்கிழமை கார்விக் மார்ஸ்டன் டீமோட ஆடணும். அவங்களோட ஆடி இந்த வருஷம் ரெண்டு பசங்க கழுத்து முறிஞ்சு செத்துட்டாங்க. ஆடாதேன்னு நானும் அவன் அம்மாவும் எவ்வளவோ கெஞ்சினோம், கேட்கல” என்றார் கோச். “முறிஞ்ச கால் கூடிடும், ஆரின்.”