பெனிட்டாவின் பெஞ்சு

மகளுக்குத் தலைவலி வருகிறதென்று, வகுப்பில் அவள் தலைக்கு மேலிருந்த வைஃபை பெட்டியைக் கழற்றச் சொல்லி எஸ்தர் சண்டை போட்டாள். பள்ளிக்கூடம் பெட்டியைக் கழற்றவில்லை. மகள் பெனிட்டாவின் பெஞ்சை நகர்த்தியது. மறுவாரம் எஸ்தர் போய்ப் பார்த்தபோது, அந்தப் பெட்டியின் பச்சை விளக்குக்குக் கீழே மற்ற பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பெனிட்டா மட்டும் துடைப்பம் சாத்திவைத்த மூலையில் இருந்தாள். "ஏய் ரேடியேஷன், இந்தா உன் ரப்பர்" என்று ஒருத்தி எழுந்திருக்காமலே வீசினாள். வகுப்பே சிரித்தது.

"நீங்க கேட்டதைத்தானே செஞ்சோம்" என்றார் டீச்சர்.

எஸ்தர் மகளின் நெற்றியைத் தொடப் போனாள். பெனிட்டா தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"வலி இல்லம்மா. இனிமே வலிக்கவே வலிக்காது. என்னை முன்னாடி உட்கார வைக்கச் சொல்லும்மா."

சொல்லும்போது ஒரு கண்ணை இறுக்கி மூடியிருந்தாள்.