நடுக்கோடு

புறவழிச்சாலைக்கு அளக்க வந்த சர்வேயர், செண்பகவடிவின் வீட்டுக்குள் முன்வாசல் வழியாக நுழைந்து, தரையில் சுண்ணாம்புக் கோடு இழுத்துக்கொண்டே பின்வாசல் வழியாக வெளியே போனார். "இதுதாம்மா ரோட்டோட நடு. அழிச்சீங்கன்னா கேஸாயிரும்" என்றார்.

அன்றிலிருந்து அவள் கோட்டை மிதிக்கவில்லை. அடுப்பு அந்தப் பக்கம், பாய் இந்தப் பக்கம். சோற்றுப்பானையோடு வரும்போதுகூட, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டித்தான் வந்தாள். பெருக்கினால் விளக்குமாறு கோட்டருகே தானாக நின்றது. "நடுரோட்டுலயா குடித்தனம் பண்ணுதோம்?" என்று புருஷன் சுடலை சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போன சுடலை, மத்தியானம் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான். "ஏட்டி, ரோடு நம்ம பக்கம் வரல! சுற்றுச்சூழல் அறிக்கையில நம்ம குளத்தையே விட்டுட்டானுவ. குளத்தக் காட்டாத திட்டம் சட்டப்படி செல்லாதாம். இந்த வழியே வேண்டாம்னு கலெக்டரே எழுதிட்டாரு!"

வடிவு ஒரு குடம் தண்ணீரைக் கோட்டின்மேல் கவிழ்த்து, தேங்காய் நாரால் தேய்தேயென்று தேய்த்தாள். தரை காய்ந்ததும் சரியாக அதே இடத்தில் பாயை விரித்து, கைகால்களை நீட்டி மல்லாந்து படுத்தாள்.

கால் கழுவிவிட்டு வந்த சுடலை பாய் ஓரத்தில் நின்றான். முன்வாசலை ஒருமுறை பார்த்தான். பின்வாசலை ஒருமுறை பார்த்தான்.

"வண்டி ஒண்ணும் வரல" என்று அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டான்.