நாலு ரம்பம்

சிவப்புப் பேனாவால் தப்புப் போட்ட பிறகுதான் கணக்கு டீச்சர் அந்தப் படத்தை ஒழுங்காகப் பார்த்தாள்.

கேள்வி இதுதான்: இருபது அடிக் குழாயை நாலு நாலு அடித் துண்டுகளாக அறுக்க வேண்டும். ஒரு தடவை அறுக்க மூன்று நிமிடம். மொத்தம் எத்தனை நிமிடம்?

விடைக்குறிப்பில் பதினைந்து. ஐந்து துண்டு, ஐம்மூன்று பதினைந்து. திருத்தும் கூடத்தில் மூன்று நாளாக எல்லோரும் அதற்குத்தான் மார்க் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பிள்ளை வழிமுறை என்று ஒரு வரிகூட எழுதவில்லை. நீளமாக ஒரு குழாய் வரைந்து, குறுக்கே கோடு போட்டு, கோட்டுக்கொரு ரம்பம் வைத்திருந்தது. ரம்பத்துக்குப் பல்கூட உண்டு! கடைசித் துண்டின் மேல், 'இது தானா வந்துடும்' என்று குறிப்பு வேறு. விடை: பன்னிரண்டு.

டீச்சர் ரம்பங்களை எண்ணினாள். நாலு. மறுபடி எண்ணினாள். அதே நாலுதான்.

அவளுக்குக் காது மடல் சுட்டது.

கடைசிக் கேள்வி அது. இரண்டு மார்க். தாளின் மொத்தம் முப்பத்துமூன்றில் நின்றது. முப்பத்தைந்து எடுத்தால்தான் பாஸ்.

தாளைத் தூக்கிக்கொண்டு நேரே தலைமைத் திருத்துநரின் மேசைக்குப் போனாள். அவரும் மனசுக்குள் எண்ணினார் என்பது உதட்டசைவிலேயே தெரிந்தது.

"விடுங்க டீச்சர்," என்றார் குரலைத் தாழ்த்தி. "மத்த தாளையெல்லாம் கட்டு கட்டி சீல் வெச்சாச்சு. வெளியில தெரிஞ்சா பேர் நாறிடும். படம் வரைஞ்ச ஒரு புள்ளைக்காக எதுக்கு இந்த வம்பு?"

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பின்னால் யாரோ முனகினார்கள்.

டீச்சருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு பிள்ளையா? இதே பன்னிரண்டை எழுதி எத்தனை பேர் இந்தக் கூடத்தில் தப்பு வாங்கினார்களோ!

"நாறினா நாறட்டும் சார். எல்லாக் கட்டையும் பிரிங்க. பஸ் போனா நடந்து போய்க்கலாம்."

அப்படியானால் எழுத்தில் கொடுக்கச் சொன்னார் அவர், கொடுக்க மாட்டாள் என்ற தைரியத்தில்.

அங்கேயே நின்றபடி ஒரு வெள்ளைத் தாளில் எழுதினாள். விடைக்குறிப்பு தவறு. பன்னிரண்டே சரி. எல்லாத் தாள்களையும் மறுபடி திருத்த வேண்டும். படிப்பவர்களுக்குச் சந்தேகமே வரக்கூடாதென்று, கீழே அவளும் ஒரு குழாயை வரைந்து நாலு ரம்பம் வைத்தாள்.

கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

அவர் அதை வாங்கி, விடைக்குறிப்பின் பக்கத்தில் வைத்தார். அதில் 'தயாரித்தவர்' என்ற இடத்திலும் அதே கையெழுத்துதான் இருந்தது.