போறேன்

பதற்ற நோய்க்காக மூளைக்குக் காந்தத் துடிப்பு கொடுக்கும் சிகிச்சை பூங்கோதைக்குப் போன வாரம் முடிந்தது. தலையில் மரங்கொத்தி உட்கார்ந்து கொத்துகிற மாதிரி இருந்ததாம், வலி இல்லையாம். முன்பெல்லாம் கணவன் தணிகாசலம் வேலைக்குக் கிளம்பும்போது வாய் தவறி "போறேன்" என்றுவிட்டால் அவள் விடமாட்டாள். அவனைத் திரும்பக் கூப்பிட்டு, செருப்பைக் கழற்றச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, "போயிட்டு வரேன்" என்று சொல்லவைத்துத்தான் அனுப்புவாள். அப்படியும் அவன் பஸ் ஏறுவதற்குள் போன் வந்துவிடும்.

இன்று அவன் வேண்டுமென்றே, "நான் போறேன்" என்றான்.

"சரி" என்றாள், நறுக்கிக்கொண்டிருந்த வெண்டைக்காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தெருமுனைவரை போனவன் திரும்பி வந்தான். செருப்பைக் கழற்றினான்.

"கொஞ்சம் தண்ணி குடு."

கொடுத்தாள். குடித்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தபடி நின்றான்.

"இன்னும் வேணுமா?" என்று கேட்டாள்.