ஒரு ஸ்பூன் தண்ணீர்

விழுங்கப் பயிற்சி தரும் சிகிச்சைக்காரியின் இரண்டு விரல்கள் அப்பாவின் குரல்வளைமேல் இருக்கின்றன. மேஜையில் விளக்கிக் காட்ட ஒரு பிளாஸ்டிக் தொண்டை. அதில் தெரிகிற, மூச்சுக்குழாயை மூடும் சின்ன மூடி, பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்குச் சரியாக மூடுவதில்லை. இருமினாலோ குரல் களகளத்தாலோ தண்ணீர் நுரையீரலுக்குப் போகிறது என்று அர்த்தம். அப்படியானால் சாப்பாடு போகிற மூக்குக்குழாயை எடுக்க மாட்டார்கள். இருபது நாளாய்க் காய்ந்த நாக்கில் மகள் ஒரு ஸ்பூன் தண்ணீர் விடுகிறாள். குரல்வளை ஏறி இறங்குகிறது. அப்பா இருமவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, கண் கலங்க, பல்லைக் கடித்து இருமலை அடக்குகிறார்.

"நல்லதுப்பா. எங்க, ஒரு 'ஆ' சொல்லுங்க, குரல் களகளக்குதான்னு பாப்போம்," என்கிறாள் சிகிச்சைக்காரி.

அப்பா வாயைத் திறக்கவில்லை. கை மட்டும் தண்ணீர் டம்ளரைப் பிடிக்கிறது.

"அவரு எப்பவுமே அதிகம் பேச மாட்டாருங்க," என்கிறாள் மகள், அடுத்த ஸ்பூனை அவசரமாக மொண்டபடி.