நான்காம் பக்கம்

மார்ச் மாதம் ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை, மாலை நான்கு மணி. கீழ்வீட்டுத் தையற்கார அம்மா தம் வீட்டு மேற்கூரையை ஒட்டடைக் கம்பால் மீண்டும் இடித்தார். அதற்கு நேர் மேலே குடியிருந்த மருந்துக்கடைக்காரருக்கு நாள்தோறும் இழைக்கப்பட்ட அநீதி இதுவே.

அப்போதுதான் அவர் இசைத்தட்டின் மீதிருந்த ஊசியை எடுத்து ஓரமாக வைத்திருந்தார்.

"பார்த்தியா? நிறுத்தின பிறகும் இடிக்கிறாங்க!" என்று மனைவியிடம் பொருமினார். "ஜெயிச்சுட்டாங்களாம். அதுக்கு முரசு கொட்டுறாங்க!"

"பெட்டியோட ரஷ்யாவைத் தூக்கிட்டு வந்து நடுவீட்டுல வச்சா, மாலையா போடுவாங்க?" என்றார் மனைவி, துணி மடித்தவாறே.

பழைய நூலகம் ஒன்றை மூடியபோது, எடைக்குப் போகவிருந்த பெட்டி அது. இசைத்தட்டுகளின் உறைகளில் இருந்தவை அனைத்தும் ரஷ்ய எழுத்துகள். மருத்துவர்களின் கையெழுத்தையே பிழையறப் படிப்பவருக்கு அவை எம்மாத்திரம்? சில நாள்களிலேயே இசையமைப்பாளர்களின் பெயர்களை எழுத்துக் கூட்டிவிட்டார்: கலின்னிக்கோவ், மியாஸ்கோவ்ஸ்கி, கிளியேர்.

ரஷ்ய இசை என்றால் உலகம் சாய்கோவ்ஸ்கியோடு கதவைச் சாத்திவிடுகிறது. அக்கதவுக்குப் பின்னால் இத்தனை பேர் காத்து நின்றார்களே என்று அவருக்கு வியப்பும் கோபமும் ஒருங்கே வந்தன. அந்தக் கோபத்தில் ஒலியைச் சற்றுக் கூட்டினார்.

குடியிருப்போர் சங்கம் உடனே ஒரு விதி வகுத்தது. பாட்டோ வாத்தியமோ, எதுவாயினும் பிற்பகல் மூன்று முதல் நான்கு வரை மட்டுமே. விதி எல்லா வீடுகளுக்கும் பொது. அதை மீறக்கூடியவர் அவர் ஒருவரே.

பெட்டியின் அடியில் கிடந்தது கிளியேரின் நெடிய சிம்பொனி. ஒரு மாவீரனின் கதையை முழு இசைக்குழுவும் சேர்ந்து சொல்கிறது; இரண்டு தட்டுகள், நான்கு பக்கங்கள். மூன்று பக்கங்கள் முடிந்து தட்டைத் திருப்பப் போகும்போது, சங்கம் அளந்து கொடுத்த ஒரு மணி நேரம் தீர்ந்துவிடும்.

"நாளைக்கு நாலாவது பக்கத்துலேர்ந்துதான் ஆரம்பிங்களேன்," என்றார் மனைவி.

"கதையை யாராவது வாலிலேர்ந்து கேப்பாங்களா? முழுசா கேக்க விட்டா முழுசா போடுவேன். இல்லேன்னா தினமும் மூணு பக்கம்தான். இது என் போராட்டம்!"

சொன்னதோடு அவர் நிற்கவில்லை. படிக்கட்டருகே இருந்த அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினார். எழுந்து நடக்கவே இயலாதிருந்தவன் வலிமை பெற்றது முதற்பக்கம், கொள்ளைக்காரனை அம்பெய்து பிடித்தது இரண்டாம் பக்கம், அவனை அரண்மனை விருந்துக்கு நடுவே இழுத்துச் சென்றது மூன்றாம் பக்கம் என்று விளக்கியவர், கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: "நான்காம் பக்கம் வேண்டுவோர் விதியைத் திருத்துக."

படித்தவர்கள் சிரித்தார்கள். குடியிருப்புப் பிள்ளைகள் அவருக்கு 'ரஷ்யா மாமா' என்று பட்டம் சூட்டினார்கள். ஊசியை எடுத்ததும் கீழிருந்து வரும் இடி மட்டும் முன்னிலும் வலுத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சங்கம் கூடியது. கொடுத்த ஒரு மணி நேரத்தையும் பறித்துவிட வேண்டும் என்பது செயலாளரின் தீர்மானம். நேர் கீழே குடியிருப்பவரின் வாய்ச்சொல்லை வைத்தே மற்றவர்கள் கை தூக்குவார்கள் என்பது மருந்துக்கடைக்காரருக்கும் தெரியும்.

"அம்மா, 'இனிமே பொறுக்க முடியாது, கூட்டத்துல வச்சே கேக்கப் போறேன்'னு எங்கிட்ட வந்து சொன்னீங்கல்ல? இப்ப கேளுங்க," என்று செயலாளர் எடுத்துக் கொடுத்தார்.

மருந்துக்கடைக்காரர் முந்திக்கொண்டார். "கேக்கட்டும், தாராளமா கேக்கட்டும்! அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். அந்த ஒரு மணி நேரத்துல கை வச்சீங்கன்னா, நான் வீட்டையே காலி பண்ணிடுவேன். பாட்டை நிறுத்த மாட்டேன்!"

"பேச்சைப் பாருங்க! என்ன திமிர்!" செயலாளர் தையற்கார அம்மாவின் பக்கம் திரும்பினார். "நீங்க பயப்படாதீங்கம்மா. அவர் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. இந்தக் கொடுமை தினமும் எத்தனை மணிக்கு?"

தையற்கார அம்மா எழுந்தார். கழுத்தில் இஞ்சு டேப் தொங்கியபடியே வந்திருந்தார்; முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நாலு மணிக்கு."

"மூணு மணிக்கும்மா," என்று திருத்தினார் செயலாளர்.

"நாலு மணிக்குத்தாங்க! எனக்குத் தெரியாதா?" என்று அவரை ஒரே அதட்டலில் அடக்கிவிட்டு, மருந்துக்கடைக்காரரை நோக்கி விரலை நீட்டினார்.

"அண்ணே, இன்னிக்கு அந்த நாலாவது பக்கம் ஓடலேன்னா, வீட்டைக் காலி பண்ணப் போறது நான்தான்!"