நாலு மணி நேரப் பயணம்

விமானம் பத்திரமாக இறங்கிவிட்டது என்ற சேதி வந்த பிறகுதான் ஜெய்புன்னிசாவுக்கு மூச்சே வந்தது. "ஏர்போர்ட்டுக்கு நீ வராத, நோன்போட அலைய வாணாம்" என்று சொல்லிவிட்டு, விடியற்காலையில் மாமல்லபுரத்திலிருந்து தனியாகக் கார் ஏறிப்போன கணவன் முபஷ்ஷிர், துபாய் போய்ச் சேர்ந்துவிட்டதாக மதியத்துக்கு மேல் ஃபோன் பண்ணிவிட்டான்.

"இன்னாமா பயந்துகினு இருந்த அண்ணி! மூவாயிரம் கிலோமீட்டர்னாலும் நாலு மணி நேரந்தான். மதுரைக்குப் போற பஸ்ஸு கூட இத விட லேட்டாவும்," என்று கேலி செய்தாள் நாத்தனார் ருக்ஸார்.

அண்ணியின் ஃபோனில் சென்னை மணிக்குக் கீழே துபாய் மணியையும் வைத்துக் கொடுத்தாள். "அங்க நம்மள விட ஒன்றரை மணி நேரம் பின்னாடி. இத பாத்துட்டு ஃபோன் பண்ணு. அண்ணன் தூங்கும்போது எழுப்பிடாத."

ஜெய்புன்னிசா சிரித்தாள். விசாவுக்காக, அம்மா எழுதிவைத்த திருப்போரூர் மனையை விற்றுக் கொடுத்ததிலிருந்து அவள் சிரிக்கவே இல்லை. மனை போனால் போகிறது, ரெண்டு வருஷத்தில் மனுஷன் நிமிர்ந்துவிடுவான் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் கஞ்சிக் கிண்ணங்களை எடுத்து வைத்தபோது முபஷ்ஷிரே மறுபடியும் கூப்பிட்டான்.

"இன்னா கண்ணு, வடை சுட்டியா? உன் ஞாபகமாவே கீது."

"சுட்டேன் மச்சான். நீங்க இல்லாம எப்பிடி எறங்கும்? பயணத்துல இன்னிக்கு நோன்ப விட்டிருக்கலாம்ல?"

"நீ பட்டினியா இருக்கச்சொல்லோ நான் மட்டும் தின்னுவனா?"

தெருக்கோடிப் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது.

"இங்கயும் பாங்கு சொல்லிட்டாங்க. வா, ஒண்ணாவே தொறக்கலாம்," என்றான் முபஷ்ஷிர். அவன் பேரீச்சம்பழத்தை மெல்லுகிற சத்தமும், மடமடவென்று தண்ணீர் குடிக்கிற சத்தமும் காதில் விழுந்தன.

கடல் தாண்டிப் போயும் பக்கத்திலேயே உட்கார்ந்து நோன்பு திறக்கிறானே என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கஞ்சியை ஒரு வாய் குடித்தாள்.

அப்போதுதான் திரையைப் பார்த்தாள். மேலே சென்னை, ஆறே கால் தாண்டியிருந்தது. கீழே துபாய், நாலே முக்கால்.

கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ருக்ஸாரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"இன்னா கண்ணு, சத்தமே காணோம்?" என்றான் முபஷ்ஷிர், வாயில் எதையோ மென்றபடி.

மனை போனதுகூட இப்போது ஜெய்புன்னிசாவுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கலங்கிய கண்ணை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, நிதானமாகக் கேட்டாள்.

"துபாய்ல இன்னும் வெயில் அடிச்சிகினு இருக்குமே... நீ எந்த ஊர்ல நோன்பு தொறந்த?"